மஞ்சள் ஏறிய மார்க்ஸ் கார்டு

அம்மனை நம்பியிருந்த ஒருத்தி, அவள் சன்னதியிலேயே நின்று அவளை வாய்க்கு வந்தபடி திட்டிய கதை இது. கேட்க உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் இருக்கட்டும். நீலசந்திராவில் நம் முத்துமாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். நான் மென்று முழுங்கிப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்குத் திட்டியவளேதான் இன்றைக்கு அவள் புகழை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

2003ஆம் வருடம், ஆடி மாதம். நான் கர்நாடக அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் டிரெயினியாகப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா வீட்டில் ஊதுபத்தி உருட்டுவாள். அப்பா பெயின்டர். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கம்பெனியில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்து சால்டரிங் செய்வோம். புகை கண்ணை எரிக்கும். எதிரே ஒரு கண்ணாடி அறை. அதற்குள் பி.இ. படித்தவர்கள் உட்கார்ந்து, நாங்கள் பற்றவைக்க வேண்டிய போர்டுகளை வரைவார்கள். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே எத்தனை போர்டு பற்றவைத்தேனோ தெரியாது. உள்ளே போக வேண்டும் என்ற வெறி மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

அதற்கு ஒரு வழி இருந்தது. டிப்ளமோ முடித்தவர்கள் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு எழுதலாம். நல்ல ரேங்க் வந்தால், டிப்ளமோவில் படித்த பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, பி.இ. முதல் வருடத்தை விட்டுவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். லேட்டரல் என்ட்ரி என்று சொல்வார்கள். எழுதினேன். அரசு சீட் கிடைக்கிற மாதிரி நல்ல ரேங்கே வந்தது.

ஆனால் கிருஷ்ணகிரியில் ஒரு மாப்பிள்ளை வீடு, ஆவணியில் கல்யாணம் வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அந்தச் சம்பந்தத்தில் ரொம்ப ஆசை. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்.

"இந்த வருசம் சீட் கெடச்சா படி. நான் குறுக்க நிக்கல. கெடைக்கலன்னா மறுபேச்சு பேசாம கழுத்த நீட்டணும். அடுத்த வருசம் பாக்கறேன், அப்பறம் பாக்கறேன்னு இழுக்கற வேலயே இருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

நம் கோயிலில்தான் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தேன். சீட் நிச்சயம் என்ற திமிர் எனக்கு. மாதக் கடைசியோடு கம்பெனி வேலையையும் விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆடி மூன்றாம் வெள்ளி அன்று கடைசி செமஸ்டர் மார்க்ஸ் கார்டு கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டாம் ஷிஃப்டுக்கு ஓடினேன். ஜெராக்ஸ் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அம்மா என்ன செய்வாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும், அது கேஸ் அடுப்பானாலும் சரி, ரேஷன் கார்டானாலும் சரி, நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துக் குங்குமம் வைக்காமல் நம்மால் இருக்க முடியுமா? அம்மா அதோடு நிற்கவில்லை. அம்மன் காலடியில் வைத்து வாங்கி வருகிறேன் என்று கோயிலுக்கே எடுத்துப் போய்விட்டாள்.

ஆடி வெள்ளிக் கூட்டம். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பூசாரி மார்க்ஸ் கார்டை வாங்கிப் பீடத்தில் வைத்தார். அடுத்த தட்டை வாங்கினார். அதற்கடுத்த தட்டை வாங்கினார். இதை மறந்தே போனார். அம்மா பார்த்துக் கூவுவதற்குள் ஒரு குடம் தண்ணீர் அம்மன் தலையில் இறங்கி, பீடம் வழியாக ஓடி, என் மார்க்ஸ் கார்டு மேல் நின்றுவிட்டது.

அம்மா பதறிப்போய் முந்தானையால் துடைத்திருக்கிறாள். துடைத்தது எந்த இடத்தில் தெரியுமா? மொத்த மார்க் போட்டிருக்கும் இடத்தில். மறுநாள் காலையில் நான் பார்த்தபோது அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்து நேர்படுத்தியிருந்தாள். காகிதம் முழுக்க மஞ்சள். முத்திரை நீலக் கறையாக ஊறிப்போயிருந்தது. மொத்த மார்க் இருந்த இடத்தில் காகிதம் பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது.

"அம்மனே ஏத்துக்கினா கலா," என்றாள் அம்மா. "மஞ்சத்தண்ணி பட்டா நல்லதுதான்டி. ஒண்ணும் ஆவாது."

மற்ற செமஸ்டர் கார்டுகள் எல்லாம் சுத்தமாக இருந்தன, ரேங்க் கார்டு இருந்தது. ஒரு கார்டில் மஞ்சள் பட்டதற்கா ஒருத்தியின் படிப்பை நிறுத்திவிடுவார்கள்? அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நானும் நம்பினேன்.

கவுன்சலிங்குக்கு என்னைக் கூப்பிட்டது அடுத்த வியாழக்கிழமை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரிஜினல்களைச் சரிபார்க்கிற மேஜையில் வயதான ஒரு அதிகாரி. ஒவ்வொரு கார்டாகப் புரட்டிக்கொண்டே வந்தவர் இதைப் பார்த்ததும் நிறுத்தினார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா இது, அரிசினாவா?" என்று கேட்டார். கன்னடத்தில் மஞ்சளுக்கு அதுதான் பேர்.

"கோயில்ல வெச்சு பூஜ பண்ணாங்க சார். தண்ணி பட்டுடுச்சு."

"தண்ணி எல்லா எடத்துலயும் பட்டிருக்கு. ஆனா டோட்டல் இருக்கற எடத்த மட்டும் யாரோ தேய்ச்சிருக்காங்களே. மார்க்க அழிச்சிட்டு அதுக்கு மேல அரிசினா பூசினா கண்டுபிடிக்க மாட்டோம்னு நெனச்சியா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அம்மா முன்னால் பாய்ந்து, "நான்தான் சாமி தொடச்சேன், என் கொழந்த ஒண்ணும் பண்ணல," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். ஊதுபத்திக் கரி ஏறிய விரல்கள். அவரும் கெட்டவர் இல்லை. அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். இப்படி ஒரு கார்டை ஒப்புக்கொண்டால் தன் வேலை போய்விடும் என்றார். டிப்ளமோ பரீட்சை நடத்துகிற போர்டிலிருந்து, இவ்வளவு மார்க் உண்மைதான் என்று முத்திரை போட்ட லெட்டர் வேண்டும். நாளை சாயங்காலத்தோடு என் ரேங்குக்கு உண்டான சுற்று முடிகிறது. அதற்குள் கொண்டுவந்தால் சீட். இல்லாவிட்டால் அடுத்த ரேங்க்காரருக்குப் போய்விடும்.

"அதுக்கப்பறம் ஆகல்லம்மா, முடியாது," என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போர்டு ஆபீசுக்கு ஓடினோம். வாயைத் திறந்தால் நடு பஸ்ஸில் அம்மாவைப் பார்த்துக் கத்திவிடுவேன் என்று பயந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அங்கே கிளார்க் ஒருவர் மட்டும் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எங்கள் வருடத்து மார்க் ரிஜிஸ்டர் சூப்பரின்டெண்டென்ட் மேடத்தின் பீரோவில் இருக்கிறது. சாவி அவரிடம். நாளைக்கு வரமகாலட்சுமி ஹப்பா. கர்நாடகாவில் அது எவ்வளவு பெரிய பண்டிகை என்று நமக்குத் தெரியாதா? மேடம் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"நாளைக்கு மேடம் ரஜா, லீவு. சனி, ஞாயிறும் சேத்து எழுதிக் குடுத்துட்டாங்க. சோமவாரம் வாம்மா."

திங்கட்கிழமை! திங்கட்கிழமை வந்து அந்த லெட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கல்யாணப் பத்திரிகைக்குக் கவர் ஒட்டுவதா?

மேடம் வீடு எங்கே என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றார். அழுதேன். அப்போதும் சொல்லவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

நீலசந்திராவுக்குத் திரும்பி வரும்போது பொழுது சாயவில்லை. வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்திருப்பார். சத்தியத்தை நினைவுபடுத்தக்கூட மாட்டார், பூத்துக்குப் போய்க் கிருஷ்ணகிரிக்குப் பேசிவிடுவார். நேராக நம் கோயிலுக்குள் நுழைந்தேன். மறுநாள் வெள்ளிக்காகப் பூசாரி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். அம்மன் சாந்தமாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று கத்தினேன். "ஊரெல்லாம் குடம் குடமா ஊத்தறாங்களே, அது போதலயா உனக்கு? என் படிப்பையும் சேத்துக் குளிக்கணுமா? மூணு வருசம் எங்கம்மா கையில கரி ஏறி ஏறிப் படிக்க வெச்சா. அவ கையாலயே அத அழிக்க வெச்சியே, நீயெல்லாம் தாயா?"

பூசாரி வேப்பிலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "ஏம்மா கலா, வாய அடக்கு. ஆடி மாசம்." நான் அடக்கவில்லை. பின்னால் அம்மா இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா தூண் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தொட்டது வெளங்காது கலா," என்றாள். "இனிமே உன் பொருள் எதுவும் நான் தொட மாட்டேன்."

அய்யோ, அந்த வார்த்தைதான் என்னை உடைத்தது. சீட் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். கல்யாணத்தையும் தாங்கியிருப்பேன். எத்தனை பேர் தாங்கவில்லை? ஆனால் எங்கம்மா தன் கையையே வெறுத்துவிட்டாள். இனி எந்தத் தைரியத்தில் ஒரு விளக்கேற்றுவாள்? எந்தத் தைரியத்தில் எனக்குத் தலை வாரிவிடுவாள்? எனக்கு அழுகைகூட வரவில்லை. தரையில் முட்டி போட்டேன். பெரிய பிரார்த்தனை எதுவும் தெரியவில்லை. நேர்த்திக்கடன் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

"எனக்கு வழி தெரியல தாயே. ஆள் யாருன்னும் தெரியல. நீயே ஆளக் காட்டு. எனக்காக இல்லன்னாலும் எங்கம்மா கைக்காகக் காட்டு."

அவ்வளவுதான் கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை. பூ விழவில்லை, பல்லி சொல்லவில்லை. வெறுமனே எழுந்து வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு மறுபடியும் போர்டு ஆபீசுக்கே கிளம்பினேன். ஆள் இல்லாத ஆபீசுக்கு எதற்குப் போகிறாய் என்று அப்பா கேட்டார். எனக்கே தெரியவில்லை. வேறு போக்கிடம் இல்லை, அதுதான் உண்மை. அம்மா வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆடி வெள்ளியும் அதுவுமாக எங்கள் வீட்டில் விளக்கேற்றவில்லை.

ஆபீஸ் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. உள்ளே நாற்காலிகள் பாதிக்கு மேல் காலி. முந்தின நாள் பார்த்த கிளார்க் என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "நெனச்சேன், நீ வருவேன்னு. மேடம் வர மாட்டாங்கம்மா, சொன்னேன்ல?" நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். மார்க்ஸ் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். வெயில் ஏறியது. டீ கொண்டுவந்தவர் ஒரு கிளாஸை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். குடிக்க முடியவில்லை. சாயங்காலம் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே போய்த் தாலியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனசு செத்துப்போயிருந்த நேரம் அது.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, ஈரம் காயாத கூந்தல் என்று ஒரு அம்மாள் இறங்கி, படிக்கட்டில் என்னைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். கிளார்க் எழுந்து நின்றார்.

"மேடம், நீங்க ரஜால்ல?"

"அத ஏன் கேக்கற! நேத்து மத்தியானம் கடைக்குப் போயி மகாலட்சுமிக்குப் புதுசா வெள்ளி முகம் வாங்கிட்டு வந்தேன். டிராயர்ல வெச்சா பத்திரமா இருக்காதுன்னு பீரோல வெச்சுப் பூட்டினேன். பூட்டிட்டு மறந்துட்டுப் போயிட்டேன். வீட்ல கலசம் தயாரா இருக்கு, அம்மனுக்கு முகம் இல்ல!"

அவர் பேசியது கன்னடம். நான் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் கலசம் வைத்து, அதில் தேங்காய் மேல் வெள்ளி முகத்தைக் கட்டி, புடவை சுற்றி மகாலட்சுமியாக உட்கார வைப்பது அவர்கள் வழக்கம். அந்த முகம்தான் பீரோவில் இருந்தது. என் ரிஜிஸ்டர் இருந்த அதே பீரோவில்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆளைக் காட்டு என்றுதானே கேட்டேன்? அந்த ஆளை இழுத்து வர, தன் முகத்தையே அங்கே விட்டுவைத்திருந்தாளே!

எழுந்து ஓடி அவர் முன்னால் போய் நின்றேன். என்ன பேசினேன் என்று இன்றைக்கும் கோர்வையாக நினைவில்லை. கன்னடமும் தமிழும் அழுகையுமாகக் கொட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடிகிறது, திங்கட்கிழமை வா என்று சொல்ல வாயெடுத்தார். நான் உறையிலிருந்து மார்க்ஸ் கார்டை எடுத்து நீட்டினேன். கையில் வாங்கினார். மஞ்சள் வாசனை அவருக்கும் அடித்திருக்க வேண்டும்.

"யாரு பண்ணது இது?"

"எங்கம்மா மேடம். சாமி காலடியில வெச்சாங்க. தண்ணி பட்டதும் பயத்துல தொடச்சிட்டாங்க. நேத்துலேருந்து சாப்பிடல."

அந்த அம்மாள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எதிர்பாராமல் சிரித்துவிட்டார்.

"என் பையனோட செகண்ட் பி.யூ.சி. மார்க்ஸ் கார்டு இப்ப எங்க இருக்கு தெரியுமா? எங்க வீட்டுக் கலசத்துக்கு முன்னால. பக்கத்துலயே அரிசினாத் தண்ணி சொம்பு." சிரிப்பு அப்படியே நின்று, கண் கலங்கியது. "யாராவது தட்டி விட்டா நானும் இதத்தான் பண்ணியிருப்பேன். முந்தானையாலதான் தொடச்சிருப்பேன்."

பீரோவைத் திறந்தார். சிவப்புத் துணியில் சுற்றிய வெள்ளி முகத்தை எடுத்து முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதை மேஜை மேல் வைத்துவிட்டு ரிஜிஸ்டரை இழுத்தார். என் நம்பரைத் தேடிக் கண்டுபிடித்து ஒவ்வொரு பாடமாக ஒத்துப்பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. டைப்பிஸ்ட் லீவு என்பதால் தன் கையாலேயே லெட்டர் எழுதி, மேலதிகாரியிடம் தானே எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டார். அவர் வீட்டில் எல்லோரும் பூஜைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்காக அந்த அம்மன் முகம் இல்லாமல் காத்திருந்தாள்.

லெட்டரைக் கையில் கொடுக்கும் முன் தன் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து என் நெற்றியில் வைத்தார். "ஓடு. லெட்டர் மேல எதுவும் வெக்க வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

கவுன்சலிங் மேஜையில் அதே அதிகாரி. லெட்டரை வாங்கி முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார். "இதுக்குப் பூஜ போடலியா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சீட் கிடைத்தது. பி.இ. எலக்ட்ரானிக்ஸ், நேராக இரண்டாம் வருடம்.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மா முன்னால் அட்மிஷன் காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்ட நின்று பார்த்துச் சிரித்தாள், அழுதாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போய்க் கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டு, "பொண்ணு படிக்குது, மன்னிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் நான்தான் விளக்கேற்றினேன்.

கல்லூரி ஒன்றும் லேசாக இல்லை. முதல் வருடக் கணக்குப் படிக்காமல் போனவர்களுக்கு இரண்டாம் வருடம் எப்படி இருக்கும் என்று போனவர்களைக் கேட்டால் தெரியும். அழுதுகொண்டே படித்தேன். அந்த மூன்று வருடமும் அம்மா என் புத்தகம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆயுத பூஜைக்கு நானே அடுக்கி நானே பொட்டு வைத்தேன். அவள் வாசலோடு நின்றுகொள்வாள். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "வேணாம்டி, நல்லா போய்க்கினு இருக்குது," என்பாள்.

பிறகு டிகிரி சர்டிஃபிகேட் வந்தது. அன்றும் வெள்ளிக்கிழமைதான். நான் கோயிலுக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்குள் போய், மஞ்சளைக் குழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, ஊதுபத்திப் பலகை முன்னால் இருந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். சர்டிஃபிகேட்டை அவள் மடியில் வைத்தேன். தீயைத் தொட்டவள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டாள்.

"எடு கலா, எடு. மறுபடியும் ஏதாச்சும் ஆயிடும்."

"ஆகட்டும். வைம்மா."

"நான் தொட்டா வெளங்காதுடி."

"உன் கை பட்டுச்சு, அதனாலதான் அந்த மேடம் என்னை நம்பினாங்க. வெறும் தண்ணி கொட்டியிருந்தா திங்கக்கிழம வான்னு சொல்லியிருப்பாங்க. வைம்மா, எனக்காக."

அவள் விரலைப் பிடித்து மஞ்சளில் தோய்த்தேன். பிறகு என் கையை மெல்ல விலக்கிவிட்டு, தானே ஒவ்வொரு மூலையாக வைத்தாள். நாலு மூலை. மேலே குங்குமம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று கைநழுவிப் போய்க்கொண்டிருக்கலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவளைக் கேளுங்கள். அழ வேண்டுமா, அழுங்கள். திட்ட வேண்டுமா, தாராளமாகத் திட்டுங்கள். அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் கேட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளாதீர்கள். மூடிக் கிடந்தாலும் அந்தப் படிக்கட்டில் போய் உட்காருங்கள். ஆளை அனுப்புவது அவள் பாடு. ஒன்றே ஒன்று, அவள் காலடியில் வைக்கும் முன் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

இப்போது நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறேன். சேர்ந்த அன்று ஒரிஜினல் பார்த்த அதிகாரி, மூலையில் இருந்த மஞ்சள் கறையைச் சுட்டிக்காட்டி என்ன இது என்று கேட்டார்.

"எங்கம்மா வெச்சது சார்," என்றேன்.